புது லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ்: காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மகள் இந்த வருடம் கோவையில் பொறியியல் சேருகிறாள். போன வாரம் லேப்டாப் வாங்கியாயிற்று. விண்டோஸ் 11, 16 ஜிபி ராம். பில் போடும்போதே கடைக்காரர் மூன்று வருட ஆன்டிவைரஸ் ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். "இது இல்லாம நெட் கனெக்ட் பண்ணாதீங்க சார், ரெண்டே நாள்ல வைரஸ் ஏறிடும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் திறந்து பார்த்தால், லேப்டாப் கம்பெனியே ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸைப் போட்டுத் தந்திருக்கிறது. 30 நாள் இலவசமாம், அப்புறம் சந்தா கட்ட வேண்டுமாம். இப்போதே தினமும் மூலையில் வந்து நிற்கிறது. என் தம்பியோ, "விண்டோஸ்லயே இருக்கு, எதுவும் வாங்காதே" என்கிறான்.

பணம் பெரிய விஷயம் இல்லை. பிள்ளை ஹாஸ்டலில் இருப்பாள், பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைக்காவல் எழுதியது:

வாழ்த்துகள் சார். உங்கள் தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்வேன். நான் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். என் வீட்டு லேப்டாப்புகளில் விண்டோஸோடு வரும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் மட்டும்தான் இருக்கிறது.

கடைக்காரர்கள் டிஃபெண்டரை மதிக்காததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. விஸ்டா காலத்தில் அந்தப் பெயரில் இருந்தது, வேவு பார்க்கும் மென்பொருளை (ஸ்பைவேர்) மட்டும் தடுக்கும் வெறும் தடுப்பான். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அதை முழு ஆன்டிவைரஸாக மாற்றி உள்ளேயே வைத்தார்கள். அப்போதும் தரம் சுமார்தான். மைக்ரோசாப்ட் விண்டோஸ் 7-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த செக்யூரிட்டி எசென்ஷியல்ஸுக்கு, ஜெர்மனியில் இருக்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் அந்தச் சமயத்தில் சான்றிதழே தர மறுத்தது. அன்றைக்கு உருவான அபிப்பிராயம் இன்றும் கடைகளில் ஓடுகிறது. ஆனால் நிலைமை மாறிப் பல வருடம் ஆகிறது. அதே ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்துச் சோதிக்கிறது. டிஃபெண்டர் இப்போதெல்லாம் 18-க்கு 18 வாங்குகிறது, அல்லது அதை ஒட்டி வருகிறது. காசு கொடுத்து வாங்கும் பெரிய பெயர்களும் அதே மதிப்பெண்தான் வாங்குகின்றன.

முதல் வேலையாக அந்த 30 நாள் ஆன்டிவைரஸை செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொரு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே இருக்கும். அதை எடுத்ததும் தானாக வேலையை ஏற்றுக்கொள்ளும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தால் பச்சை டிக் தெரிய வேண்டும். சந்தா முடிந்த ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. புது வைரஸ் பட்டியல் வராது, "பணம் கட்டு" என்ற எச்சரிக்கை மட்டும் தவறாமல் வரும்.

பிரிண்ட்கடை_திண்டுக்கல் எழுதியது:

தம்பி சொல்வது வீட்டுக்குள்ளேயே இருக்கும் லேப்டாப்புக்குச் சரி. கல்லூரிப் பிள்ளைக்கு எப்படிச் சரியாகும்? நான் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ், பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் என் மெஷினில் ஏறி இறங்குகிறது என்று எனக்குத்தான் தெரியும்.

இங்கே இன்னும் சாகாமல் இருப்பது ஷார்ட்கட் வைரஸ். பையன் பென்டிரைவைச் சொருகுவான். 'புராஜெக்ட் ஃபைனல்' என்று ஃபோல்டர் இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்த ஐகானின் இடது மூலையில் குட்டி அம்புக்குறி ஒன்று இருக்கும். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் வைரஸ் வைத்த ஷார்ட்கட் அது. சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த நொடியே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அங்கிருந்து என் மெஷினுக்கு, அங்கிருந்து அடுத்த பிள்ளையின் பென்டிரைவுக்கு. நான் நம்ம ஊர்த் தயாரிப்பு ஒன்றைக் காசு கொடுத்துத்தான் போட்டிருக்கிறேன். பென்டிரைவ் சொருகியதுமே அது ஸ்கேன் செய்துவிட்டுத்தான் திறக்க விடும். பிரிண்ட் மெஷினுக்கு நான் நெட் கொடுப்பதில்லை. டிஃபெண்டரை நம்பி அதை விட முடியாது.

வலைக்காவல் எழுதியது:

அண்ணே, உங்கள் கடைக்கு நீங்கள் செய்திருப்பது சரியான முடிவு. சோதனைகளும் உங்கள் பக்கம்தான். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம் இணைய இணைப்பு இல்லாமலும் சோதிக்கிறது. அதில் டிஃபெண்டரின் பிடிப்பு, நெட் இருக்கும்போது இருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. சந்தேகமான கோப்பை இணையம் வழியாக மைக்ரோசாப்டின் சர்வர்களிடம் (கிளவுட்) கேட்டு முடிவெடுக்கும் வகையில் அதைக் கட்டியிருக்கிறார்கள். நெட் இல்லாத, நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ் ஏறும் மெஷினுக்கு வேறு ஆன்டிவைரஸ் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நம்ம ஊர்த் தயாரிப்பு என்றால் 1991-ல் சென்னையில் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் பல வருடமாக இந்த வேலையில்தான் இருக்கின்றன.

ஆனால் சாரின் மகள் லேப்டாப் எப்போதும் நெட்டில் இருக்கும். பென்டிரைவ் சொருகியதும் உள்ளே இருப்பது தானாக ஓடும் ஆட்டோரன் வழியை 2011-லேயே மைக்ரோசாப்ட் பழைய விண்டோஸிலும் அடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்த அம்புக்குறியை யாராவது சொடுக்கினால்தான் இன்று அது பரவும். ஆகவே பிரிண்ட் எடுக்க பிடிஎஃப்பாக மெயிலில் அனுப்பிவிடுவது நல்லது. பென்டிரைவ்தான் என்றால், திரும்பி வந்ததும் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்கேன் வித் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்' கொடுத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

பிரிண்ட்கடை_திண்டுக்கல் எழுதியது:

மெயிலில் அனுப்பினால் எனக்கும் நிம்மதிதான் தம்பி. ஒரு விஷயம் மட்டும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: நெட் உள்ள கடை மெஷின் எதிலாவது மெயிலைத் திறந்தால் லாக்அவுட் செய்யாமல் போகக் கூடாது. கடையின் மெயில் ஐடிக்கு அனுப்பிவிடுவதுதான் நல்ல வழி.

மெக்_நான்காமாண்டு எழுதியது:

அங்கிள், நான் ஹாஸ்டலில்தான் இருக்கிறேன். இங்கே லேப்டாப் கெடுவது பெரும்பாலும் பென்டிரைவால் இல்லை, கிராக் சாஃப்ட்வேரால், அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியால். முதல் செமஸ்டரிலேயே ஆரம்பித்துவிடும். ட்ராயிங் வகுப்புக்கு ஆட்டோகேட் வேண்டும் என்பார்கள். சீனியர் ஒருவர் டெலிகிராம் லிங்க் அனுப்புவார். ஜிப் ஃபைல், அதற்கு 1234 என்று பாஸ்வேர்டு. உள்ளே ஒரு ரீட்மீ இருக்கும்: முதலில் நெட்டைத் துண்டி, இரண்டாவது ஆன்டிவைரஸை ஆஃப் செய், மூன்றாவது இந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடு. என் பக்கத்து அறைப் பெண் அதை அப்படியே செய்தாள். வேலையும் செய்தது, ஆட்டோகேட் திறந்தது. அடுத்த வாரம் அவளுடைய இன்ஸ்டாகிராமிலிருந்து எல்லோருக்கும் கிரிப்டோ விளம்பரம் போக ஆரம்பித்தது. ஜிமெயிலுக்குள்ளும் யாரோ நுழைந்திருந்தார்கள். அவள் ஓடிபி எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தாள்.

அந்த லேப்டாப்பில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ்தான் இருந்தது. அவளே அதை ஆஃப் செய்தாள், ரீட்மீ சொன்னது என்று.

வலைக்காவல் எழுதியது:

இந்த இழையிலேயே முக்கியமான பதில் இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சார் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவது ரகசியத்துக்காக அல்ல. பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை ஆன்டிவைரஸால் பிரித்துப் பார்க்க முடியாது. டவுன்லோட் ஆகும்போது அது பிடிபடாமல் வர வேண்டும் என்பதற்காகவே அந்த 1234. உள்ளே வருவது இன்ஃபோஸ்டீலர் என்ற வகை. பழைய வைரஸ்போல எதையும் கெடுக்காது, லேப்டாப்பை மெதுவாக்காது. குரோமிலும் எட்ஜிலும் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், நீங்கள் யார் என்று நினைவு வைக்கத் தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு பதிவுகளான குக்கிகளையும் அள்ளி வெளியே அனுப்பும். பல வகைகள் வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும். அந்தக் குக்கியில் 'இவர் ஏற்கெனவே ஓடிபி கொடுத்து உள்ளே வந்தவர்' என்ற சான்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டவனிடம் ஜிமெயிலோ இன்ஸ்டாகிராமோ மறுபடி ஓடிபி கேட்காது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது இப்படித்தான் இருக்கும்.

இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை. 2025 மே மாதம் லும்மா என்ற இன்ஃபோஸ்டீலரின் கட்டமைப்பை மைக்ரோசாப்டும் பல நாட்டுக் காவல் துறைகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது ஏறியிருந்ததாக மைக்ரோசாப்ட் சொன்னது.

இன்ஃபோஸ்டீலர் பரப்பும் கும்பல்கள் கிராக்கோடு இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு தளத்தைத் திறப்பீர்கள், 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்ற பெட்டி வரும். வழக்கமான படப் புதிருக்குப் பதிலாக, விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, கன்ட்ரோலோடு வி அழுத்து, என்டர் தட்டு என்று மூன்று படி சொல்லும். அந்தப் பெட்டியைச் சொடுக்கிய நொடியே தீய கட்டளை ஒன்றை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்திருப்பார்கள். மூன்று படியையும் செய்தால், அதை உங்கள் கையாலேயே ஓட்டியதாகிவிடும். எந்த உண்மையான தளமும் விண்டோஸ்-ஆர் அழுத்தச் சொல்லாது. மகளிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சார் ஒரு தொகை ஒதுக்கி வைத்திருந்தால், அதில் கோப்புகளைக் காப்பி எடுத்து வைக்க ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்கித் தாருங்கள். ஆன்டிவைரஸைவிட அது உதவும்.

மெக்_நான்காமாண்டு எழுதியது:

கிராக் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். ஆட்டோடெஸ்க் தளத்தில் கல்லூரி விவரம் கொடுத்துச் சரிபார்த்தால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள், படிக்கும்வரை வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆன்சிஸுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு. மேட்லேப் பல கல்லூரிகள் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும், துறையில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வேலைக்கான இலவச ஆக்டேவ் போதும். ஆபீஸுக்குக் கல்லூரி மெயில் ஐடி இருந்தால் மைக்ரோசாப்ட் 365 கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ். அப்புறம், விண்டோஸையும் ஆபீஸையும் இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் லேப்டாப்பையே கொடுக்காதீர்கள்.

கணக்கர்_ஈரோடு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வீட்டுக்கு டிஃபெண்டர் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் சிறு தொழில்காரர்கள் அதே கணக்கைத் தங்கள் ஆபீஸுக்கும் போட்டுவிடக் கூடாது. எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் எல்லா மெஷினிலும் டேலி ஓடுகிறது, வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கணக்கு முழுக்க அதில்தான். ஒருவர் அப்டேட்டை நிறுத்தி வைத்தாலும், இன்னொருவர் ஏதோ ஒன்றை ஆஃப் செய்தாலும் ஒரே திரையில் தெரிய வேண்டும். ஊழியர் நினைத்தால் ஆஃப் செய்ய முடியாதபடி பாஸ்வேர்டு போட வேண்டும். அதற்கான பிசினஸ் பதிப்புக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நூல் வியாபாரம். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்து டேலி டேட்டா முழுக்கப் பூட்டிவிட்டது. பேக்கப் இருந்தது. ஆனால் அந்த பேக்கப் டிஸ்க் எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. கணக்கைப் பில் புத்தகத்திலிருந்து திரும்ப ஏற்றினார்கள். வலைக்காவல் தம்பி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னார், நல்ல யோசனை. காப்பி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். முதல் வருட விலை தள்ளுபடியில் இருக்கும், இரண்டாம் வருடம் முழு விலை தானாகக் கார்டில் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த மெசேஜைப் பார்த்ததும் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தாமிரபரணி_டீச்சர் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் லேப்டாப்பில் ஒரு வாரமாக வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று ஒரு பிரபல ஆன்டிவைரஸின் சின்னத்தோடு வந்துகொண்டே இருக்கிறது. நான் அந்த ஆன்டிவைரஸைப் போட்டதே இல்லை. டிஃபெண்டரில் ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை என்கிறது. டிஃபெண்டருக்குத் தெரியவில்லையா?

வலைக்காவல் எழுதியது:

டீச்சர், அந்த அறிவிப்பின் மேல் வரியைப் பாருங்கள். சின்ன எழுத்தில் குரோம் என்றும் ஏதோ ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். எங்கோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டதற்கு 'அலவ்' கொடுக்கப்பட்டிருக்கிறது. இப்போது அந்தத் தளம்தான் வைரஸ் என்று சொல்லி விளம்பரம் அனுப்புகிறது. உள்ளே வைரஸ் எதுவும் இல்லாததால்தான் டிஃபெண்டருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். கூடவே, எந்தத் தளமும் இனிமேல் கேட்கக் கூடாது என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். அந்த அறிவிப்பை மட்டும் சொடுக்கவே வேண்டாம். பணம் கட்டும் பக்கத்துக்குத்தான் போகும்.

தாமிரபரணி_டீச்சர் எழுதியது:

போய்விட்டது! ஒன்பது தளங்கள் இருந்தன. மிக்க நன்றி தம்பி. ஸ்டாஃப் ரூமில் இன்னும் இரண்டு பேருக்கு இதே தொல்லை இருக்கிறது, நாளைக்கே பார்த்துவிடுகிறேன்.

வைகைவடகரை எழுதியது:

காசும் வேண்டாம், டிஃபெண்டரும் வேண்டாம், இலவச ஆன்டிவைரஸ் ஏதாவது போடலாமே? அவாஸ்ட் நன்றாகத்தானே இருந்தது?

வலைக்காவல் எழுதியது:

வைரஸ் பிடிப்பதில் அவாஸ்ட் குறைந்ததில்லை. என் தயக்கம் வேறு. பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை அவாஸ்ட் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது. செய்தி வெளியானதும் 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்து, விளம்பரத்துக்காக அப்படி விற்கக் கூடாது என்று தடையும் போட்டது. இன்று நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஆன்டிவைரஸ் உங்கள் எல்லாக் கோப்பையும் பார்க்கும் உரிமை உள்ள மென்பொருள். அதை யார் நடத்துகிறார்கள் என்று பார்க்காமல் இலவசம் என்பதற்காக உள்ளே விடக் கூடாது.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 30 நாள் ஆன்டிவைரஸை நீக்கியாயிற்று, பச்சை டிக் வந்துவிட்டது. பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்த இழையை முழுக்கப் படிக்கச் சொன்னேன். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஏகப்பட்ட சுவிட்சுகள் இருக்கின்றன. எதையெல்லாம் போட வேண்டும்? சி புரோகிராம் எழுதினால் ஆன்டிவைரஸ் தடுக்கும் என்று அவளுடைய தோழி சொல்கிறாளாம், அது நிஜமா?

வலைக்காவல் எழுதியது:

நிஜம்தான், ஆனால் சமாளிக்கலாம். அவள் கம்பைல் செய்யும் நிரல் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத புதுக் கோப்பு, யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்காது. 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' என்ற வசதி அப்படிப்பட்டதைத் தடுக்கும். புரோகிராம் எழுதும் மாணவர்களுக்கு அது ஒத்துவராது, அணைத்துவிடலாம். டிஃபெண்டர் அபூர்வமாகத் தவறாகப் பிடித்தால், நிரல் எழுதும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எக்ஸ்குளூஷனில் (ஸ்கேன் செய்யாமல் விடும் பட்டியல்) சேர்க்கட்டும். சிலர் சொல்வதுபோல சி டிரைவ் முழுவதையும் சேர்க்கவே கூடாது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் கூடாது.

மற்றபடி 'ரியல்டைம் புரொடெக்ஷன்', 'கிளவுட் டெலிவர்டு புரொடெக்ஷன்', 'டேம்பர் புரொடெக்ஷன்' மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' ஆனில் இருக்கட்டும். 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆஃபில்தான் வரும். ரேன்சம்வேருக்கு எதிராக நல்ல வசதி. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் அறியாத மென்பொருள் கை வைக்க முடியாது. ஆனால் சில நல்ல மென்பொருளையும் தடுத்துவிடும், ஒவ்வொன்றாக அனுமதிக்கப் பொறுமை வேண்டும். முதல் செமஸ்டர் போகட்டும், அப்புறம் போட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

மெக்_நான்காமாண்டு எழுதியது:

பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன் போன்ற தனி மேனேஜர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அங்கிள், பிரவுசரில் சேமிக்க வேண்டாம். பிரவுசரில் விளம்பரத் தடுப்பானும் போட்டுவிட்டால் போலி டவுன்லோட் பட்டன்கள் பாதி காணாமல் போய்விடும். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு.

கணக்கர்_ஈரோடு எழுதியது:

அப்படியும் ஏதாவது நடந்து பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. பிள்ளையின் போனில் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.

வலைக்காவல் எழுதியது:

கடைசியாக ஒன்று சார், ஹாஸ்டலுக்கு அனுப்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாப்ட் கணக்கு போட்டு நுழைந்தால் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது, நல்லதுதான். ஆனால் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டோ மதர்போர்டு ரிப்பேரோ நடந்தால், ஒருநாள் திடீரென 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். அது இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர்காரராலும் திறக்க முடியாது. மகளின் மைக்ரோசாப்ட் கணக்கில் போனிலிருந்து நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்தக் கீ இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தாளில் எழுதி உங்களிடம் ஒரு பிரதி, அவளிடம் ஒரு பிரதி. அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைக்க வேண்டாம். பூட்டிக்கொண்டால் அதையும் பார்க்க முடியாது.